ரத்தம் வராத காயம்

ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. சுருதி சேராத பாட்டையோ சகிக்க முடியாத பேச்சையோ கேட்க நேர்ந்தவர், "என் காதுகளிலிருந்து ரத்தம் வழிகிறது" என்பார். நம் பிள்ளைகளும் இப்போது அதைத் தமிழாக்கிக் கொண்டுவிட்டார்கள். கல்லூரி விடுதியிலும் பேருந்து நிறுத்தத்திலும் "காதிலே ரத்தம் வருதுடா!" என்ற அலறலைக் கேட்கலாம்.

உண்மையில் யாருடைய காதிலிருந்தும் ஒரு துளி கூட வருவதில்லை. இது வெறும் உயர்வு நவிற்சி. சிரித்துவிட்டுப் போகவேண்டிய விஷயம்தான். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிறர் சிரித்துவிட்டுப் போகிற சொல்லின் அருகே அவன் நின்றுவிடுவான். காதுக்குக் காயம் என்றால் என்ன? எது காயம், எது வெறும் வலி? வலிக்கிறதெல்லாம் காயமா? வலிக்காததெல்லாம் சுகமா?

இந்த எண்ணம் ஆங்கிலேயனிடம் கடன் வாங்கித்தான் நமக்கு வரவேண்டும் என்பதில்லை. 'நாராசம்' என்று ஒரு சொல்லை நம் பாட்டிமார் வெகு சாதாரணமாகப் புழங்கினார்கள். நாராசம் என்றால் இரும்பு அம்பு, இரும்புச் சலாகை. அதைப் பழுக்கக் காய்ச்சிக் காதில் செருகினால் எப்படி இருக்கும்? 'அவன் பேச்சு நாராசமாக இருந்தது' என்கிறபோது நாம் அந்தக் கொடுமையைத்தான் சொல்கிறோம், சொல்கிறோம் என்று அறியாமலே. ஆங்கில வழக்கு காதிலிருந்து வெளியே வருவதைச் சொல்கிறது. தமிழ்ச் சொல்லோ உள்ளே போவதைச் சொல்கிறது. அடிபட்டவனைக் காட்டுவது அது. ஆயுதத்தைக் காட்டுவது இது.

இன்னொரு வழக்கையும் பாருங்கள். 'செவிட்டில் அறைந்தான்' என்கிறோம். செவிடு என்பது கன்னத்தோடு சேர்ந்த காதுப்புறம். காது கேளாமைக்கும் அதே பெயர்தான். அடிக்கிற இடத்துக்கும் அடியின் விளைவுக்கும் ஒரே சொல்! ஓங்கி அறைந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் முன்கூட்டியே எச்சரித்து வைத்திருக்கிறது போலும்.

இனி, காதுக்கு நேரக்கூடிய துன்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ஓசையால் வரும் துன்பம்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் திருவிழாக்களுக்கு மைக்செட் போடும் ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு கோடைக்காலத் திருவிழாவில், பூவரச மரத்தடியில் அவரோடு உட்கார்ந்து பேச முயன்றேன். முயன்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் தலைக்கு நேர் மேலே குழாய் கட்டியிருந்தது. "இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களே, காது வலிக்காதா?" என்று அவர் காதருகே குனிந்து கத்தினேன்.

"புதுசிலே வலிக்கும் அண்ணே. ரெண்டு சீசன் போனா பழகிடும்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

பழகிவிட்டது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் பாட்டு நின்ற பிறகும் நான் பேசுவதை அவர் இடது கையைக் காதோரம் குவித்துக்கொண்டுதான் கேட்டார். வயது நாற்பது கூட இருக்காது.

பழகுவது என்று நாம் சொல்வதற்கு மருத்துவர்கள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். நம் உட்காதில், நத்தைக்கூடு போன்ற ஒரு சிறு உறுப்பினுள், சுமார் 15,000 நுண்ணிய மயிரணுக்கள் இருக்கின்றன. ஓசையை நரம்புக்கு எடுத்துச் சொல்வது அவற்றின் வேலை. பேரோசை தொடர்ந்து தாக்கினால் அவை ஒவ்வொன்றாக மடிகின்றன. மடிகிறபோது வலிப்பதில்லை, ரத்தம் வருவதில்லை. முதலில் கீச்சென்ற மெல்லிய ஒலிகள் காணாமற் போகும். பிறகு, கூட்டத்தில் ஒருவர் பேசுவது விளங்காது. ஒரு முறை மடிந்த மயிரணு மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை.

இதற்கு நேர்மாறானதையும் சொல்ல வேண்டும். ஓங்கி விட்ட அறையில் சில சமயம் செவிப்பறை கிழிந்துவிடும். விரித்த உள்ளங்கை காற்றை உள்ளே அழுத்துவதால் நேர்வது அது. அப்போது உண்மையாகவே வலி உண்டு. ஒரு சொட்டு ரத்தமும் வரலாம். ஆனால் அப்படிக் கிழிந்த சிறு கிழிசல்கள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே கூடிவிடுகின்றன. வேடிக்கையைப் பார்த்தீர்களா? ரத்தம் வந்த காயம் ஆறிவிடுகிறது. ரத்தமே வராத காயம் ஆறுவதில்லை!

வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் அளவு ஓசை வரையில்தான் காது தாங்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்வது சுமார் 60 டெசிபல். இந்த அளவில் பத்துப் பத்தாக ஏறும்போது ஓசையின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், தலைக்கு மேல் கட்டிய குழாய் என்ன செய்யும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

சட்டம் இல்லாமலில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரையறுத்தன. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்றன. அதே 2000-ஆம் ஆண்டில், சென்னையில் ஒரு வழிபாட்டு மன்றத்துக்கும் அக்கம்பக்கத்துக் குடியிருப்போருக்கும் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பிறருடைய அமைதியைக் குலைத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த வாக்கியம் ஒரு மதத்துக்கு மட்டும் உரியதன்று. கோயிலுக்கும் மசூதிக்கும் தேவாலயத்துக்கும், அரசியல் கட்சிக்கும், காதணி விழா நடத்துகிற மாமன் வீட்டுக்கும் பொருந்தும்.

ஆனால் என் கேள்வி சட்டத்தைப் பற்றியதன்று. இயற்கை கண்ணுக்கு இமை கொடுத்தது. வாய்க்கு இதழ் கொடுத்தது. காதுக்கு மட்டும் கதவு வைக்கவில்லை. தூக்கத்திலும் அது திறந்தே கிடக்கிறது. தொட்டிலில் குழந்தை அழுதால் தாய் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக அப்படி வைத்ததோ என்னவோ! கதவில்லாத வீட்டில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். நுழையக்கூடாது என்று நினைப்பது நுழைகிறவனின் பண்பு. ஆகவே கேட்கிறவனுக்கு இல்லாத இமையாக ஒலிக்கிறவன் இருக்க வேண்டும். காது சம்பந்தமான அறம் எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

இதை ஒரு மன்னன் அறிந்திருந்தான். புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிற குடுமியான்மலைக்குப் போனவர்கள், மேலைக்கோயில் குடைவரையின் பக்கத்தில் பாறையில் வெட்டியிருக்கிற இசைக் கல்வெட்டைப் பார்த்திருப்பார்கள். ஏழு பண்களுக்கு உரிய சுரக் கோவைகள் கிரந்த எழுத்தில் வரிவரியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பொதுவாகக் கருதுகிறார்கள். உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காகச் செய்வித்தது என்று அந்தக் கல்வெட்டே கூறுகிறது. அந்த அரசன் மகேந்திரவர்ம பல்லவன் என்பார் உண்டு, மறுப்பாரும் உண்டு. யாராக இருந்தால் என்ன? முரசறைந்து ஊரைக் கூட்டும் அதிகாரம் படைத்தவன், தான் நேசித்த இசையை ஊர்க் காதில் திணிக்கவில்லை. கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டான். வேண்டுகிறவன் வந்து படித்துக்கொள்ளட்டும் என்று அந்த இசை நூற்றாண்டுக் கணக்காக மௌனமாகக் காத்திருக்கிறது. அந்தப் பாறையின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு அதன் இசையைவிட அதன் பொறுமைதான் பெரிதாகப் படுகிறது.

மன்னர்களால்தான் இது முடியும் என்பதில்லை. எங்கள் மாவட்டத்தின் தெற்கு எல்லையைத் தாண்டினால் சிவகங்கை மாவட்டம். அங்கே திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி என்ற ஊர்களின் கண்மாய்களுக்கு ஆண்டுதோறும் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. 1977-இல் அந்த இடத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பறவைகள் மிரண்டு விடுமே என்பதற்காக அந்த ஊர் மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. தலைமுறை கடந்து நடந்துவருகிற வழக்கம் இது. வெடி என்றால் உயிரை விடுகிற குழந்தைகளும் அங்கே இருக்கத்தானே செய்வார்கள்? அவர்களுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பறவைகளுக்கு உட்காதின் மயிரணுக்கள் அழிந்தாலும் மறுபடி முளைக்கும் என்று 1980-களின் பிற்பகுதியில் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். முளைக்கிற காதுள்ள பறவைக்காக ஓர் ஊர் வாய் மூடிக் கொள்கிறது. முளைக்காத காதுள்ள மனிதனுக்காக நாம் குழாயின் திசையைக் கூடத் திருப்பி வைப்பதில்லை.

இரண்டாவது, சொல்லால் வரும் துன்பம்.

இங்கே ஓசை பெரிதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு மருமகளை அழவைக்க மைக்செட் வேண்டாம்; அடுப்படியில் முணுமுணுத்தால் போதும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அதன் 17-ஆம் பிரிவில், பள்ளிப் பிள்ளைகளை அடிப்பதை மட்டும் தடை செய்யவில்லை. மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்தது. சட்டம் எழுதியவர்களுக்கு நம் வகுப்பறைகள் தெரிந்திருக்கின்றன. காதைத் திருகிய வாத்தியாரைப் பழைய மாணவன் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே நினைவு கூர்வதுண்டு. 'நீ எங்கே உருப்படப் போகிறாய்' என்று நாற்பது பேருக்கு முன்னால் சொன்ன வாத்தியாரை நினைக்கும்போது அவன் சிரிப்பதில்லை. தீயினால் சுட்டதற்கும் நாவினால் சுட்டதற்கும் உள்ள வித்தியாசத்தை வள்ளுவர் வரையறுத்து வைத்துவிட்டார். அதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? ரத்தம் வராத காயம் ஆறுவதில்லை என்று உட்காதைப் பற்றி மருத்துவர்கள் சொன்னதை, மனத்தைப் பற்றி அவர் எப்போதோ சொல்லிவிட்டார் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

மூன்றாவது துன்பம் ஒன்று உண்டு. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

உண்மையைக் கேட்பதால் வரும் துன்பம் அது.

வள்ளுவர் நல்ல அரசனுக்கு இலக்கணம் சொல்லும்போது, காதுக்குக் கசக்கிற சொல்லைப் பொறுத்துக்கொள்கிறவன் குடையின்கீழ்தான் உலகம் தங்கும் என்கிறார். நாவுக்குத்தான் கசப்பு என்று நினைத்திருந்தோம். காதுக்கும் சுவை உண்டென்று காட்டிவிட்டார். கசப்பு மருந்தின் சுவை. இராவணனுக்குப் பத்துத் தலை, இருபது காது. தம்பி சொன்ன நல்ல வார்த்தைக்கு அந்த இருபதில் ஒன்று கூடத் திறக்கவில்லை. காதுகள் குறைந்ததால் இலங்கை அழியவில்லை. கசப்பதையெல்லாம் காயம் என்று எண்ணியதால் அழிந்தது.

2022 டிசம்பர் இறுதியில் எங்கள் மாவட்டத்து வேங்கைவயலின் பெயர் நாடெங்கும் தெரிந்தது. பட்டியல் இன மக்களின் குடியிருப்புக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது. குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமற் போய், குடிதண்ணீரைச் சோதித்துப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்ன பிறகே ஏறிப் பார்த்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் விசாரிக்கப் போனபோது, அங்கே தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருப்பதும், கோயிலுக்குள் அந்த மக்களை விடுவதில்லை என்பதும் வெளியே வந்தன. ஆட்சியர் அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். குற்றம் செய்தவர் யார் என்பதில் 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகையை அந்த மக்கள் ஏற்கவில்லை. அதை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம். கதை எழுதுகிறவன் அல்ல.

நான் சொல்ல வந்தது அந்த நாட்களில் என் காதில் விழுந்த ஒரு வாக்கியத்தை. செய்தி வந்த காலையில் படித்தவர்கள், பண்புள்ளவர்கள், பலரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "ஐயோ, சொல்லாதீர்கள்! காதால் கேட்கவே முடியவில்லை." காது கூசுகிறது என்று கையால் பொத்திக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் பொய்யாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வலித்தது. ஆனால் அந்த வலி எங்கே போயிற்று? 'கேட்க முடியவில்லை' என்பது 'இனி கேட்க மாட்டேன்' என்று மாறி, ஒரு வாரத்தில் 'எப்போது பார்த்தாலும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்' என்றாயிற்று. தண்ணீரைக் குடித்தவர்களின் காயத்தைவிட, கேட்டவர்களின் காது பெரிதாகிவிட்டது.

இரட்டைக் குவளை அன்று காலையில் முளைத்ததல்ல. அந்தக் கடையில் தேநீர் குடித்தவர்கள் எத்தனை பேர்! கண்ணால் கண்டதுதான், காதால் கேட்டதுதான். யாருக்கும் வலிக்கவில்லை. ரெண்டு சீசன் போனால் பழகிவிடும் என்றாரே அந்த நண்பர், அதேதான். மயிரணு மடிவதைப் போல மனத்திலும் ஏதோ ஒன்று ஓசையில்லாமல் மடிந்துவிடுகிறது. முதலில் மெல்லிய குரல்கள் கேட்காமற் போகின்றன. வேலைக்காரியின் குரல், கடைசி பெஞ்சுப் பையனின் குரல், காலனிக் குழந்தையின் குரல். பேரோசைகள் மட்டும் கேட்கின்றன. நமக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம்.

ஆக, நாம் கணக்கைத் தலைகீழாகப் போட்டு வைத்திருக்கிறோம். காயமாக்கும் ஓசைக்குப் பழகிக்கொள்கிறோம், அது வலிக்காததால். காயமாக்கும் சொல்லைத் தாராளமாக வழங்குகிறோம், வலிப்பது அடுத்தவனுக்கு என்பதால். காயமே ஆக்காத, வலி மட்டும் தருகிற உண்மை வந்து நின்றால்தான் 'காதில் ரத்தம் வருகிறது' என்று கூச்சலிடுகிறோம்.

உண்மை தரும் வலிக்கு வேறு பெயர் இருக்கிறது. அதன் பெயர் காது குத்துதல். கைக்குழந்தையை மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிறோம். குழந்தை வீறிடுகிறது. யாரும் அதைக் கொடுமை என்பதில்லை. வெல்லம் கலந்த அரிசியை வாயில் போட்டுச் சிரிக்கிறோம். காரணம், அந்தத் துளை ஏதோ ஒன்றை ஏற்றுக்கொள்வதற்காகப் போடப்படுகிறது. கேள்வியால் துளைக்கப்படாத செவி, கேட்டாலும் கேளாத செவிதான் என்பது வள்ளுவர் கருத்து. அவர் காலத்திலேயே தோட்டுக்காகத் துளைத்த காதுகள் நிறைய இருந்திருக்க வேண்டும். அந்தத் துளை போதாது என்று அவர் கண்டிருக்க வேண்டும். 'எனக்கே காது குத்துகிறாயா?' என்று ஏமாற்றுக்காரனைப் பார்த்துக் கேட்கிறோமே, அது எப்படி வந்ததோ தெரியாது. என்னைக் கேட்டால், உண்மையைச் சொல்கிறவனிடம் 'எனக்கும் கொஞ்சம் காது குத்து' என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தில் ஊசியின் துளையைக் கண் என்கிறார்கள். தமிழில் அது காது. இந்த இரண்டில் எது பொருத்தம் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். துளை பார்ப்பதற்காக இல்லை, வாங்கிக்கொள்வதற்காக இருக்கிறது. நூலை ஏற்பது அதுதான். ஆகவே காதென்று சொன்னதே சரி. காதறுந்த ஊசியை யாரும் பெட்டியில் வைத்துக்கொள்வதில்லை. அதன் முனை மழுங்கிவிட்டதா என்றால் இல்லை. பளபளப்புப் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. குத்தினால் இன்னும் ரத்தம் வரும். தைப்பதற்கு மட்டும் உதவாது.

பிறர் குரலை ஏற்கும் காதை இழந்துவிட்ட மனிதனும் அப்படித்தான். அவனால் குத்த முடியும். கிழிந்ததைத் தைக்க முடியாது. நம் ஊர்களில் தைக்க வேண்டியது நிறைய இருக்கிறது.